மகளின் பையில் இருந்த புத்தகம்



உங்கள் இல்லத்திலிருந்து மகனோ மகளோ கல்லூரிக்குச் சென்று வருகிறார்களா? அவர்கள் பயில்வது அரசியல் அறிவியலா, வரலாறா, சமூகவியலா, தத்துவமா? அப்படியானால் சற்று நேரம் ஒதுக்கி இதனைப் படியுங்கள். மருத்துவமும் பொறியியலும் பயிலும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்தக் கவலை குறைவு. அங்கே எலும்பின் பெயரும் இயந்திரத்தின் பெயருமே கற்பிக்கப்படுகின்றன. மற்றத் துறைகளிலோ பிள்ளைகளின் கையில் மார்க்ஸ் வருகிறார், அம்பேத்கர் வருகிறார், பெரியார் வருகிறார். அவர்களோடு சேர்ந்து கேள்விகளும் நம் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிடுகின்றன.

அப்படித்தான் திண்டிவனத்தில் உள்ள என் தங்கையின் வீட்டிலும் ஒரு நாள் கேள்வி வந்து சேர்ந்தது. தங்கையின் மகள் அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. அவளுடைய அத்தா, அதாவது என் மச்சான், மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஐந்து வேளை தொழுகையைத் தவறவிடாதவர். கணக்கில் ஒரு ரூபாய் பிசகாதவர். அவர் ஏதோ ரசீதைத் தேடி மகளின் பையைத் திறந்தபோது மார்க்ஸின் பொருளாதாரத்தைத் தமிழில் விளக்கும் நூல் ஒன்றும், அம்பேத்கரின் கட்டுரைத் தொகுப்பு ஒன்றும் வெளியே வந்தன. "இறைவன் இல்லை என்றவனின் புத்தகத்தைச் சுமந்து திரியவா உன்னைக் கல்லூரிக்கு அனுப்பினேன்?" என்றார். மகள் பதில் பேசினாளாம். என்ன பதில் என்று தங்கை தொலைபேசியில் சொல்லவில்லை. "நீங்க வந்து பேசுங்கண்ணா, படிப்பையே நிறுத்திடுவார் போல இருக்கு" என்றாள்.

நான் சென்றேன். பிள்ளையிடம் கேட்டதில் இன்னொரு செய்தியும் தெரிய வந்தது. ஊரும் அதன் சமூக அமைப்பும் பற்றி நேரில் கண்டு ஒரு கட்டுரை எழுதி வருமாறு வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அவள் தேர்ந்தெடுத்த ஊர் இரும்பை. "அங்கே எதற்குப் போக வேண்டும்?" என்று அத்தா அதற்கும் தடை போட்டிருந்தார். தாய்மாமன் கூட வருகிறேன் என்றதும் மச்சானால் மறுக்க இயலவில்லை.

இரும்பையில் கண்டது

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் இறங்கிக் கிழக்கே திரும்பினால் இரும்பை. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. அக்கோயிலைப் பற்றி ஊரார் ஒரு கதை சொல்கிறார்கள். கடுவெளிச் சித்தர் என்பவர் இங்கே தவத்தில் இருந்தாராம். நாட்டில் மழை பொய்த்தது. சித்தரின் தவத்தால்தான் மழை வரவில்லை என்று அஞ்சிய மன்னன், அதைக் கலைக்க ஓர் ஆடல் மங்கையை அனுப்பினான். பின்னர் அவள் சபையில் ஆடும்போது காற்சிலம்பு கழன்று விழ, சித்தர் எழுந்து அதனை எடுத்துக் கட்டிவிட்டாராம். கூடியிருந்தோர் கைகொட்டிச் சிரித்தனர். சித்தர் மனம் புண்பட்டுக் கதற, கருவறைக் கல் வெடித்துச் சிதறியது என்பர். நமது நம்பிக்கை வேறு. எனினும் அண்டை வீட்டாரின் கதையில் ஒரு கருத்து இருந்தால் அதைக் கேட்பதில் குற்றமில்லை. அரசனின் அதிகாரம், துறவியின் தவம், கைகொட்டிச் சிரிக்கும் சமூகம் ஆகிய மூன்றும் அக்கதையில் ஒரே சபையில் நிற்கின்றன. என் மருமகள் கல்லூரியில் மூன்று பாடமாகப் படிப்பதை இவ்வூர்ப் பாட்டி ஒருத்தி திண்ணையில் அமர்ந்து ஒரே கதையாகச் சொல்லிவிடுகிறாள்.

இரும்பையை ஒட்டித்தான் ஆரோவில் இருக்கிறது. 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளிலிருந்தும் இந்திய மாநிலங்களிலிருந்தும் பிடி மண் கொண்டுவந்து ஒரு தாழியில் இட்டுத் தொடங்கப்பட்ட நகரம் அது. சாதி, மதம், நாடு என்ற பேதங்கள் இன்றி மனிதர் ஒன்றாக வாழ வேண்டும் என்பதும், இந்நகரம் தனி ஒருவருக்கும் சொந்தமன்று என்பதும், கற்றல் இங்கே ஒருநாளும் முடியாது என்பதும் அதன் பிரகடனத்தின் சாரம். அதனை உருவாக்கிய அன்னை எனப்படும் மிர்ரா அல்ஃபாசா பாரிசில் பிறந்தவர். தந்தை துருக்கியிலிருந்தும் தாய் எகிப்திலிருந்தும் வந்த யூதக் குடும்பத்தினர். ஐம்பதாயிரம் பேர் வாழும் நகராகத் திட்டமிட்டார்கள். ஐம்பதாண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரும் அங்கே வாழ்வோர் சில ஆயிரம் பேர்தாம்.

இது ஒரு மதமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அன்னை 1973இல் மறைந்த பின் நிர்வாகத்தில் பூசல் மூண்டது. 1980இல் மத்திய அரசு ஒரு சட்டம் இயற்றி நிர்வாகத்தைத் தன் பொறுப்பில் எடுத்தது. எங்கள் மத உரிமையில் அரசு தலையிடுகிறது என்று வழக்குத் தொடுத்தார்கள். 1982இல் வந்த தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள், அரவிந்தரின் போதனை ஒரு தத்துவமே அன்றி மதமன்று என்று கூறிச் சட்டத்தை நிலைநிறுத்தினர். மருமகள் இதனைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். "மதம் எது, தத்துவம் எதுன்னு கோர்ட்டு சொல்ல முடியுமா மாமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. சட்டக் கல்லூரிகளில் இன்றும் கேட்கப்படும் கேள்வி.

ஒரே ஆண்டு, இரண்டு சிறைகள்

ஆரோவிலுக்குப் பெயர் தந்த அரவிந்தரின் வாழ்க்கையை நம் வீடுகளில் எத்தனை பேர் அறிவர்? தாடியும் நீண்ட முடியும் கொண்ட ஒரு சாமியார் என்பதோடு நம் அறிவு நின்றுவிடுகிறது. அவர் முதலில் ஒரு கல்லூரி ஆசிரியர் என்பதைத்தான் நான் இங்கே சொல்ல வந்தேன்.

1872இல் கல்கத்தாவில் பிறந்து, ஏழு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, கேம்பிரிட்ஜில் பயின்று, ஐ.சி.எஸ். எழுத்துத் தேர்விலும் வென்று, குதிரையேற்றத் தேர்வுக்குச் செல்லாமல் அப்பதவியை விட்டவர். 1893இல் தாயகம் திரும்பிப் பரோடா கல்லூரியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்பித்தார். 1905இல் வங்காளம் பிரிக்கப்பட்டது. மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அரசியலில் ஈடுபடும் மாணவர்களை அடக்காத கல்லூரிகளுக்கு மானியம் நிறுத்தப்படும் என்று அவ்வாண்டு அக்டோபரில் அரசு சுற்றறிக்கை விட்டது. அதற்கு மறுமொழியாக மக்களே பணம் திரட்டி 1906 ஆகஸ்டில் வங்காள தேசியக் கல்லூரியைத் தொடங்கினர். அதன் முதல்வராக வந்தவர் அரவிந்தர். அந்நிறுவனமே பின்னர் வளர்ந்து 1955இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் ஆயிற்று.

பகலில் கல்லூரி, இரவில் 'வந்தே மாதரம்' பத்திரிகைக்குத் தலையங்கம். அந்நிய அரசோடு ஒத்துழையாமல் பள்ளி, நீதிமன்றம், துணி அனைத்தையும் நாமே நடத்த வேண்டும் என்ற கொள்கையை 1907இலேயே தொடர் கட்டுரையாக எழுதினார். காந்தியடிகள் நாடறிந்த தலைவராவதற்கு முன்பே எழுதப்பட்ட கட்டுரைகள் அவை.

அடுத்து நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏனெனில் என் மச்சானின் அச்சத்துக்கு இதில் நியாயம் இருக்கிறது. 1908 ஏப்ரல் 30 அன்று முசாபர்பூரில் ஒரு நீதிபதிக்குக் குறிவைத்து வீசிய குண்டில் அவர் தப்ப, ஒரு பாவமும் அறியாத ஆங்கிலேயத் தாயும் மகளும் இறந்தனர். வீசிய இருவரில் ஒருவரான குதிராம் போஸ் தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு வயது 18. சில நாட்களில் அரவிந்தரும் கைதானார். அவருடைய தம்பி பாரீந்திரரின் குழுவே அதன் பின்னணியில் இருந்தது. அலிப்பூர்ச் சிறையில் ஓராண்டு இருந்த பின் 1909 மே மாதம் அரவிந்தர் விடுவிக்கப்பட்டார். சிறையின் தனிமையில் அவர் உள்ளம் ஆன்மீகத்தின் பக்கம் திரும்பியிருந்தது. 1910 ஏப்ரல் 4 அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். 1950இல் மறையும் வரை அவர் மீண்டும் அரசியல் மேடை ஏறவில்லை. ஆனால் எழுதினார். 1914 முதல் 1921 வரை அவர் நடத்திய 'ஆர்யா' இதழில் யோகமும் இருந்தது. சமூகம் எவ்வாறு படிப்படியாக மாறுகிறது என்ற ஆராய்ச்சியும் இருந்தது. உலக நாடுகள் ஒன்றுபடுவது பற்றிய அரசியலும் இருந்தது.

இப்போது அதே 1908ஆம் ஆண்டில் வடக்கே அலிகாருக்கு வாருங்கள்.

மவுலானா ஹஸரத் மோஹானியை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் மருமகளுக்கு அப்பெயரே தெரியவில்லை! 'இன்குலாப் ஜிந்தாபாத்' என்ற முழக்கம் அவளுக்குத் தெரிகிறது. கல்லூரி வாயிலில் கேட்டிருக்கிறாள். அதனை உருவாக்கித் தந்தவர் ஒரு மவுலானா என்றதும் நம்பாமல் பார்த்தாள். பிள்ளைகளை ஏன் குறை சொல்ல வேண்டும்? நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

அலிகார் கல்லூரியில் பயிலும் காலத்திலேயே அரசு எதிர்ப்புக்காக நிர்வாகத்தின் கோபத்துக்கு ஆளானவர் அவர். 1903இல் பட்டம் பெற்றதும் அரசுப் பணிக்குச் செல்லாமல் 'உருதுயே முஅல்லா' என்ற இதழைத் தொடங்கினார். 1908இல் எகிப்தில் ஆங்கிலேயரின் கொள்கையைக் கண்டித்து ஒரு கட்டுரை அதில் வெளிவந்தது. எழுதியவர் வேறொருவர். பெயரைச் சொன்னால் தான் தப்பலாம் என்ற நிலை. மவுலானா பெயரைச் சொல்ல மறுத்துப் பொறுப்பைத் தாமே ஏற்றுச் சிறை சென்றார். அங்கே மாவு அரைக்கும் கல்லைச் சுழற்றிக்கொண்டே கஸல் புனைந்தார். அலிப்பூரில் அரவிந்தர் தியானத்தில் அமர்ந்திருந்த அதே மாதங்களில் இங்கே ஒரு மவுலானா கோதுமை அரைத்துக்கொண்டிருந்தார்!

வெளியே இருந்த அவர் துணைவியார் நிஷாத்துன் நிசா பேகம் சும்மா இருந்துவிடவில்லை. கணவர் சிறை சென்ற காலங்களில் எல்லாம் அச்சுப் பணிகளையும் வழக்குகளையும் தாமே கவனித்தார். பின்னாளில் பொது மேடையில் நின்று பேசினார். நம் பெண்கள் அரசியல் நூல் படித்தால் குடும்பம் கெடும் என்போர் இந்த அம்மையாரைப் பற்றி ஒருமுறை விசாரித்து அறிவது நல்லது.

சிறை மவுலானாவை அரசியலிலிருந்து விலக்கவில்லை. 1921இல் அகமதாபாத் காங்கிரஸ் மாநாட்டில் முழு விடுதலைத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். காந்தியடிகளே அதனை எதிர்த்தார், தீர்மானம் தோற்றது. காங்கிரஸ் அதே இலட்சியத்தை 1929இல் லாகூரில் ஏற்றுக்கொண்டது. 1925 டிசம்பரில் கான்பூரில் இந்தியக் கம்யூனிஸ்டுகளின் முதல் மாநாடு கூடியபோது வரவேற்புக் குழுவின் தலைவர் நம் மவுலானா. மாநாட்டுத் தலைவர் சென்னை சிங்காரவேலர். ஒரு மீனவச் சமுதாயத் தமிழரும் ஓர் உருதுக் கவிஞரான மவுலானாவும் அடுத்தடுத்து அமர்ந்திருந்த அந்த மேடையை எண்ணிப் பாருங்கள்! செல்வம் சிலர் கையில் தேங்குவதை இஸ்லாமும் ஏற்கவில்லை, ஜகாத் அதற்குச் சான்று என்பது அவர் கட்சி.

அதே மவுலானா பலமுறை ஹஜ் செய்தவர். லக்னோவின் ஃபிரங்கி மஹல் பெரியோர்களோடு ஆன்மீக உறவு கொண்டவர். ஹிந்துக்கள் போற்றும் கண்ணனைப் பற்றியும் அன்போடு பாடியவர். அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினரான பிறகும் மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் பயணம் செய்தவர். 1951 மே 13 அன்று லக்னோவில் காலமானார். கம்யூனிஸ்டுகள் அவரை முழுமையாகத் தம்மவர் என்று சொல்லவில்லை. மார்க்க அறிஞர் பலரும் சொல்லவில்லை. முஸ்லிம் லீக்கிலும் அவர் தனிக்குரலாகவே இருந்தார். இப்படிப்பட்டவரை எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாமல்தான் நாம் மறந்துவிட்டோமோ என்னவோ!

ஒரே ஆண்டில் சிறை சென்ற இருவரில் ஒருவர் வெளியே வந்து உலகை விட்டுச் சற்று விலகி நின்று சிந்தித்தார். மற்றவர் தஸ்பீஹையும் கொடியையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றார். என் உள்ளம் மவுலானாவின் பக்கமே சாய்கிறது, மறைப்பானேன்? ஆயினும் இருவருமே கல்லூரியில் கற்ற அரசியலையும் உள்ளத்தில் வளர்ந்த இறைத் தேட்டத்தையும் வெவ்வேறு பெட்டிகளில் பூட்டி வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கஸ்ஸாலி இமாமின் வகுப்பறை

"அதெல்லாம் சரி, இறைவனையே மறுப்பவனின் நூலை எதற்குப் படிக்க வேண்டும்?" என்பது மச்சானின் கேள்வி. உங்களில் பலருக்கும் இக்கேள்வி இருக்கும். இதற்கு நான் பதில் சொல்வதைவிட இமாம் கஸ்ஸாலியைச் சொல்ல விடுவது பொருத்தம்.

1091இல் பாக்தாதின் நிஜாமிய்யா கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்தார் இமாம். நூற்றுக்கணக்கான மாணவர்கள் அவர் வகுப்பில். அக்காலத்தில் கிரேக்கத் தத்துவம் கற்ற இளைஞர் பலர் மார்க்கத்தை அலட்சியம் செய்யலாயினர். இமாம் என்ன செய்தார்? தத்துவ நூல்களைத் தடை செய்யக் கோரவில்லை. பாடம் நடத்தியது போக எஞ்சிய நேரத்தில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தாமே அந்நூல்களைப் பயின்றார். தத்துவவாதிகளின் கொள்கை என்னவென்று முதலில் ஒரு நூல் எழுதினார். அது எவ்வளவு நேர்மையாக இருந்தது என்றால், இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டபோது ஐரோப்பியர் கஸ்ஸாலியையே அத்தத்துவவாதிகளில் ஒருவராக எண்ணிவிட்டனர்! அதன் பிறகுதான் மறுப்பு நூல் எழுதினார். 1095இல் அவருக்கே உள்ளத்தில் பெரும் நெருக்கடி வந்தது. நாக்கு எழவில்லை, பாடம் நடத்த இயலவில்லை. பதவியையும் புகழையும் விட்டுவிட்டு வெளியேறினார். ஆண்டுகள் கழித்து 1106இல் நிஷாப்பூரில் மீண்டும் ஆசிரியராக அமர்ந்தார்.

ஐயம் வந்த ஆசிரியரை நம் முன்னோர் தூற்றவில்லை. அவரை இஸ்லாத்தின் ஆதாரம் என்ற பொருளில் 'ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்' என்று அழைத்தனர். இருபது வயதுப் பிள்ளைக்கு ஐயம் வந்தால் மட்டும் நாம் ஏன் படிப்பை நிறுத்தப் புறப்படுகிறோம்?

தமிழகத்து முஸ்லிம்கள் இவ்வழியை ஒரு காலத்தில் நன்றாகவே அறிந்திருந்தனர். சென்னையின் தோல் வணிகர் ஜமால் முகமது சாகிப் அவர்களின் பெயரை நீங்கள் திருச்சிக் கல்லூரியின் பெயராக அறிவீர்கள். ஆங்கிலக் கல்லூரிகளில் பயிலும் முஸ்லிம் மாணவர்கள் தத்துவமும் அறிவியலும் கற்று மார்க்கத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்ல ஆளில்லை என்று கண்ட அவரும் அவர் நண்பர்களும் என்ன செய்தனர் தெரியுமா? உலகறிந்த அறிஞர்களைச் சென்னைக்கு அழைத்துச் சொற்பொழிவாற்றச் செய்தனர். 1925இல் மவுலானா சையத் சுலைமான் நத்வி வந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பற்றி எட்டுச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். 1927இல் குர்ஆனை ஆங்கிலத்தில் தர முனைந்திருந்த மர்மடியூக் பிக்தால் வந்து இஸ்லாமியப் பண்பாட்டைப் பற்றிப் பேசினார். 1929 ஜனவரியில் வந்தவர் அல்லாமா இக்பால்.

இக்பால் சென்னையில் நிகழ்த்திய மூன்று உரைகள் எளிமையானவை அல்ல. ஐன்ஸ்டீனும் பெர்க்சனும் வில்லியம் ஜேம்சும் அவற்றில் வந்து போகிறார்கள். அறிவு என்பது என்ன, தொழுகையின் பொருள் என்ன, இறைவனைப் பற்றி மனிதன் கொள்ளும் கருத்து எத்தகையது என்று அவர் ஆராய்ந்தார். அவ்வரிசையைச் சேர்ந்த மற்றோர் உரையில், இஸ்லாமியச் சட்டம் காலத்தோடு அசைந்து கொடுக்கும் விதத்தை, இஜ்திஹாதை, எடுத்துரைத்தார். 1930இல் நூலாக வெளிவந்த அவ்வுரைகளை இன்று உலகப் பல்கலைக்கழகங்கள் பாடமாக வைக்கின்றன. அதே பயணத்தில் சென்னை முஸ்லிம் பெண்களின் சங்கமும் அவருக்கு வரவேற்பளித்தது. தோல் விற்ற பணத்தில் நம் ஊரில் நடந்த காரியம் இது! இன்று திருமண மண்டபத்துக்கு ஒரு மாலைப் பொழுதில் நாம் செலவிடும் தொகையில் இப்படி ஓர் அறிஞரை அழைத்துவர இயலாதா என்று எண்ணிப் பார்க்கிறேன்.

தில்லி ஜாமியா மில்லியாவின் கதையை விரிக்க இடமில்லை. 1920 அக்டோபர் 29 அன்று, அரசு மானியம் பெறும் கல்லூரி வேண்டாம் என்று வெளியேறிய அலிகார் மாணவர்களால் பிறந்தது அது. 1926இல் பெர்லினில் பொருளாதார முனைவர் பட்டம் முடித்துத் திரும்பிய ஜாகிர் ஹுசைன், மாதம் 150 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுவதில்லை, இருபதாண்டு இங்கேயே உழைப்பேன் என்று சக ஆசிரியர்களோடு உறுதி பூண்டு அதனைக் காத்தார். 1967இல் நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்தவர் அவரே. பெர்லினில் அவர் நட்பைப் பெற்ற கெர்டா பிலிப்ஸ்போர்ன் என்ற யூதப் பெண்மணியும் ஜாமியாவுக்கு வந்து சிறு பிள்ளைகளுக்கு 'ஆபா ஜான்' ஆனார். 1943இல் இறந்து அம்மண்ணிலேயே அடக்கமானார்.

மருமகள் எழுதிய கணக்கு

மீண்டும் இரும்பைக்கு வருகிறேன். அன்று முழுவதும் நாங்கள் ஊரைச் சுற்றினோம். செம்மண் அரித்துப் பாலையாகக் கிடந்த மேட்டில் ஆரோவில்வாசிகள் நட்டு வளர்த்த காடு நிழல் தருகிறது. அது பெரிய சாதனை; பாராட்டத்தான் வேண்டும். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்துகிறார்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் அங்கே வேலைக்குச் செல்கிறார்கள். காலையில் சைக்கிளிலும் மொபெட்டிலும் பெண்கள் உள்ளே செல்வதையும் மாலையில் திரும்புவதையும் மருமகள் வேலியோரம் நின்று எண்ணினாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "யாருக்கும் சொந்தமில்லாத நகரம்னு சொல்றாங்க. அப்ப இந்த நிலத்தை வித்தவங்க இப்ப எங்க மாமா இருக்காங்க? உள்ளே சமைக்கிறவங்களும் கூட்டுறவங்களும் அந்த நகரத்துக்காரங்களா, இல்ல ஊர்க்காரங்களா?"

அங்கே தேநீர்க் கடையில் இருந்த முதியவர் ஒருவர் சிரித்தார். அவருடைய தகப்பனார் காலத்தில் ஏக்கர் என்ன விலைக்குப் போனது என்று சொன்னார். மகள் உள்ளே வேலை பார்ப்பதையும், பேரன் அவர்களுடைய பள்ளியில் படித்து இப்போது கணினி வேலையில் இருப்பதையும் சொன்னார். நன்மையா தீமையா என்று கேட்டதற்கு, "ரெண்டும்தான் பாப்பா" என்றார். மருமகள் மார்க்சின் நூலில் கற்றதையும் ஆரோவிலின் பிரகடனத்தையும் அந்த முதியவரின் சொல்லையும் அருகருகே எழுதிக்கொண்டாள். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அதனால் அவள் கட்டுரை நன்றாக வரும் என்று எனக்குத் தோன்றிற்று.

திரும்பும் வழியில் கோட்டக்குப்பத்தில் அஸர் தொழுதோம். அவ்வேளையில்தான் கேட்டேன், அன்று அத்தாவுக்கு என்ன பதில் சொன்னாய் என்று. சற்று நேரம் பேசாமல் வந்தாள். பிறகு சொன்னாள். உபரி மதிப்பு என்ற அத்தியாயத்தைப் படித்துவிட்டு, கடையில் மூட்டை தூக்கும் பையனுக்கு மாதம் என்ன கொடுக்கிறீர்கள், அவன் உழைப்பால் என்ன கிடைக்கிறது என்று அத்தாவிடம் கேட்டாளாம். "வியர்வை காயறதுக்குள்ள கூலி கொடுக்கணும்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க. எவ்வளவு கூலின்னும் பேசலாம்தானே?" என்றாளாம்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாசகர்களே, உங்களுக்கும் விளங்கியிருக்கும். மச்சானைச் சுட்டது மார்க்ஸின் நாத்திகம் அன்று. நாத்திகத்துக்கு அவரிடம் நூறு பதில் இருந்தது. கடைப் பையனின் சம்பளத்துக்கு அவரிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வந்ததா, அவர் தாமே மகளுக்குக் கற்பித்த நபிமொழியிலிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்லவும் அவரால் இயலவில்லை.

அன்று இரவு இஷாவுக்குப் பின் உணவு முடிந்ததும் நான் மச்சானிடம் கஸ்ஸாலியைப் பற்றியும் மோஹானியைப் பற்றியும் சொன்னேன். கல்லைச் சுழற்றிக் கஸல் பாடிய மவுலானாவின் கதையை அவர் இருமுறை சொல்லச் சொன்னார். பிறகு நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பக்கத்து அறையில் என் தங்கையும் மாமியார் நன்னியும் காது கொடுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

கடைசியில் மகளை அழைத்தார். "அந்தப் புத்தகத்தை எடுத்துட்டு வாம்மா. நீ சொல்ற அந்த அத்தியாயத்தை முதல்லேருந்து படி. புரியாத இடத்தில நான் நிறுத்துவேன்" என்றார்.

அவள் படித்தாள். முதல் பக்கத்திலேயே மூன்று இடங்களில் நிறுத்தினார். உழைப்பு நேரம் என்ற இடம் வந்தபோது, அரிசி மூட்டைக்குத் தாம் கொடுக்கும் கொள்முதல் விலை, வண்டிக் கூலி, கடை வாடகை, மின்கட்டணம், கடன் சொல்லிப் போனவர்களின் பாக்கி ஆகியவற்றை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் காட்டி, "இதையெல்லாம் உன் மார்க்ஸ் எங்கே சேர்க்கிறார், சொல்லு" என்றார். அவளுக்கு உடனே பதில் தெரியவில்லை. ஆசிரியரிடம் கேட்டு வருவதாகச் சொன்னாள்.

நான் ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. சென்ற வாரம் தங்கை பேசினாள். வாரத்தில் இரண்டு இரவுகள் வாசிப்பு தொடர்கிறதாம். மார்க்ஸ் முடியுமுன்னே அத்தா அம்பேத்கரைக் கேட்டாராம். மருமகளின் இரும்பைக் கட்டுரை வகுப்பில் வாசிக்கப்பட்டிருக்கிறது. கடைப் பையனின் சம்பளம் பற்றிய பேச்சு மட்டும் இன்னும் முடியவில்லை.

"ரெண்டு பேரும் விடறதா இல்லண்ணா" என்றாள் தங்கை.